புதுத் தலைக்கட்டு

அண்ணன் மகன் ராத்திரி பஸ்ஸில் சென்னையிலிருந்து வந்து இறங்கினான். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, போனை நீட்டினான். ஊர் வாட்ஸ்அப் குழுவில் பங்குனித் திருவிழா வரிப் பட்டியல். அவன் அப்பா பெயருக்கு நேரே 3,000 ரூபாய். அதற்குக் கீழேயே அவன் பெயர், அதற்கும் 3,000 ரூபாய்.

"ஒரே வீடு, ஒரே அடுப்பு. ரெண்டு வரி எப்படி சித்தப்பா? நான் ஊர்லயே இல்ல. திருவிழாவுக்கு லீவு கெடைக்குமான்னே தெரியல."

"போன ஆவணியிலதான உனக்குக் கல்யாணம் ஆச்சு?"

"ஆமா."

"அப்ப சரியாத்தான் போட்டிருக்காங்க. வா, ஒரு டீ குடிப்போம்."

எங்கள் ஊர் வெண்ணாற்றுப் பாசனம். பெயர் வேண்டாம், டெல்டாவில் எந்த ஊர்ப் பெயரைப் போட்டாலும் கதை பொருந்தும். முக்கு டீக்கடையில் காலை ஆறரை மணிக்கு வாய்க்கால், கொள்முதல் நிலையம், ஈரப்பதம் இந்த மூன்றைத் தவிர வேறு பேச்சு இருக்காது. அன்றைக்கு நான்காவதாக வரியும் சேர்ந்திருந்தது. சம்பா அறுப்பு நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. சாய்ந்த கதிர் வயலிலேயே முளைவிட்டது. தப்பி வந்த நெல்லை 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் என்று கொள்முதல் நிலைய வாசலில் காயவைத்துக் காத்துக்கிடந்தார்கள். இந்த நிலைமையில் வரியைக் குறைப்பதா, திருவிழாவைச் சுருக்குவதா என்று அன்று சாயங்காலம் கோயிலில் ஊர்க் கூட்டம். ஒரு காலத்தில் மூன்று வருஷம் வரி நோட்டு என் கையில் இருந்தது. அதனால் என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகிறவர்கள் இன்னும் உண்டு.

தலைக்கட்டு என்றால் வீடு இல்லை, ரேஷன் கார்டும் இல்லை. கல்யாணமான ஒருவன், அவன் குடும்பம், அது ஒரு தலைக்கட்டு. அப்பனும் மகனும் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும், மகன் தாலி கட்டிய நாளிலிருந்து நோட்டில் ஒரு வரி கூடும், ஊருக்கும் ஒரு வரி கூடும். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்தது தற்செயலோ என்னவோ, நோட்டைப் பார்த்தவனுக்கு இரண்டும் ஒன்றுதான். எங்கள் ஊரில் கைம்பெண் வீட்டுக்கு அரை வரி. அவள் மகனுக்குக் கல்யாணமானால் அந்த அரை நின்றுபோய், மகன் பெயரில் முழு வரி தொடங்கும். செட்டிநாட்டில் நகரத்தார் இதையே 'புள்ளி' என்பார்கள். புருஷன் பெண்டாட்டி சேர்ந்தால் ஒரு புள்ளி. ஒருவர் போய்விட்டால் மிஞ்சியவர் அரைப் புள்ளி. அவர்களுடைய ஒன்பது நகரக் கோயில்களுக்கும் இந்தப் புள்ளிக் கணக்குதான் ஆதாரம்.

கணக்கு எளிது. திருவிழாச் செலவு மொத்தம் 5,40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்: பந்தல், நாதஸ்வரம், தவில், மைக் செட், ஜெனரேட்டர், பூப்பல்லக்கு, கடைசி நாள் நாடகம், அன்னதானம், பூசாரிக்கு. ஊரில் 180 தலைக்கட்டு. வகுத்தால் தலைக்கு 3,000. பத்து நாள் மண்டகப்படி தனி. அது இன்னின்ன நாள் இன்னின்ன குடும்பம் என்று பரம்பரையாக வருவது, வரியில் சேராது.

"அப்ப இது டிக்கெட் மாதிரிதானே? நான் பாக்காத நாடகத்துக்கு நான் ஏன் காசு குடுக்கணும்?" என்றான்.

"உன் கல்யாணத்துக்குச் சாம்பார் கொதிச்ச அண்டாவுல என்ன எழுதியிருந்துச்சு, பாத்தியா?"

பார்த்திருக்க மாட்டான். மாப்பிள்ளைக்கு அண்டா எங்கே கண்ணில் படப்போகிறது? விளிம்பில் ஊர்ப் பெயரையும் 'பொது' என்ற சொல்லையும் உளியால் பொளிந்திருக்கும். ஜமுக்காளம், பந்தல் கால், பித்தளைக் குடம், நாலு பெரிய அண்டா, ஆறு அன்னக்கரண்டி எல்லாமே வரிப் பணத்தில் மிச்சம் பிடித்து வாங்கியவை. வரி கட்டின வீட்டுக்கு வாடகை கிடையாது. அந்த வீட்டில் சாவு விழுந்தால் மூங்கில் வெட்டுவதற்கு ஊர் தானாக வரும். கூட்டத்தில் எழுந்து பேசலாம். கணக்கில் இடிக்கிறது என்று கையை நீட்டிக் கேட்கலாம். இத்தனையும் அந்த 3,000 ரூபாயில் அடக்கம். நாடகம் கொசுறு.

டீ வந்தது. அவன் சர்க்கரை இல்லாமல் வாங்கினான். கல்யாணமானதும் வருகிற இன்னொரு மாற்றம்.

இந்த ஏற்பாடு மாரியம்மன், பிடாரி, அய்யனார் மாதிரி ஊர்க் கோயில்களுக்குத்தான். சிவன் கோயிலுக்கும் பெருமாள் கோயிலுக்கும் வரி கேட்டு யாரும் வீட்டு வாசலுக்கு வருவதில்லை. அவை முதலை வைத்து வருமானத்தில் நடக்கும்படி கட்டப்பட்டவை. தஞ்சைப் பெரிய கோயில் சுவரைப் படித்தால் ஒரு வங்கிப் பேரேட்டைப் புரட்டுவது போலிருக்கும். ராஜராஜன் தளிச்சேரிப் பெண்டுகள் என்ற கோயில் ஆடல் மகளிர் 400 பேரைக் குடியமர்த்தினான். ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல். அளப்பதற்கு ஆடவல்லான் என்று சாமி பெயரிலேயே ஒரு மரக்கால். கோயிலுக்கு வந்த காசை ஊர்ச் சபைகளுக்குக் கடன் கொடுத்தார்கள். வட்டி காசுக்கு அரைக்கால் காசு, இன்றைய கணக்கில் 12.5 சதவீதம். நந்தா விளக்கு ஒன்று எரிய 96 ஆடு. ஆடு சாகும், கிழடாகும். ஆனால் குட்டி போட்டு எண்ணிக்கை குறையாமல் வைத்திருக்க வேண்டியது இடையன் பொறுப்பு. அதனால் கல்வெட்டில் அவை 'சாவா மூவாப் பேராடு'. நிரந்தர வைப்புநிதிக்கு இதைவிட அழகான பெயரை எந்த வங்கிக்காரனும் வைத்ததில்லை.

ஆனால் முதலும் சாகும். கோயில் நிலத்துக் குத்தகை பாக்கியில் நிற்கும், ரூபாய்க்கு மதிப்புக் குறையும், நிலம் எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோகும். வருமானமே இல்லாத கோயில்களில் ஒரு வேளை விளக்காவது எரியட்டும் என்று அரசு 'ஒருகாலப் பூசைத் திட்டம்' வைத்திருக்கிறது. 2021-இல் அப்படிப்பட்ட 12,959 கோயில்களுக்கு வைப்புநிதியை ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாக உயர்த்தினார்கள். அன்றைய கணக்குக்கு ஆறு சதவீத வட்டி என்று வைத்தாலும் மாதம் 1,000 ரூபாய், நாளைக்கு 33 ரூபாய். நல்லெண்ணெய் விலையை டீக்கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சோழன் காலத்துச் சிவன் கோயிலில் இந்த 33 ரூபாய் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்போது, எதிரே தகரக் கொட்டகை மாரியம்மனுக்கு ஐந்தரை லட்சத்தில் பந்தல் போடுகிற ஊர்கள் இங்கே நிறைய. சொத்தை நம்பிய சாமி ஒருபக்கம், ஆளை நம்பிய சாமி ஒருபக்கம்.

"மத்தவங்க எப்படி பண்றாங்க?" என்று கேட்டான். இப்போது பையனுக்குக் கொஞ்சம் ருசி தட்டியிருந்தது.

ராஜகிரி, பண்டாரவாடை, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் எங்கே போனாலும் ஜமாஅத்துக்குச் சந்தா உண்டு. பாக்கி இருந்தால் வீட்டில் நிக்காஹ் வரும்போது தஃப்தரை எடுத்துக்கொண்டு ஞாபகப்படுத்துவார்கள். சர்ச்சில் சந்தா, ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கைப் பை, அறுப்புப் பண்டிகையில் முதல் பூசணிக்காய் ஏலம் என்று பல வழி. பல சபைகளில் சந்தா கட்டாதவருக்குத் தேர்தலில் ஓட்டில்லை. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவன். அங்கேதான் யாத்திராகமத்தின் 30-ஆம் அதிகாரத்தைப் படித்துவிட்டு, இது நம் வரி நோட்டு ஆயிற்றே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மோசே ஜனங்களை எண்ணுகிறார். இருபது வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு ஆணும் எண்ணிக்கையில் சேரும்போது அரை சேக்கல் வெள்ளி கொடுக்க வேண்டும். பணக்காரன் கூடக் கொடுக்கக் கூடாது, ஏழை குறைத்துக் கொடுக்கக் கூடாது. ஆள் கணக்கும் காசுக் கணக்கும் ஒன்றே. பிறகு எருசலேமில் கோயில் எழும்பியபோது அது வருஷ வரியாக நின்றது. அறிவிப்பு வருவது ஆதார் மாதம் முதல் தேதி. சிரிக்காதே, அவர்களுக்கு அந்தப் பெயரில் ஒரு மாதம் உண்டு. நம் மாசி பங்குனியை ஒட்டி வரும். 15-ஆம் தேதி ஊர்களில் காசு மாற்றுகிறவர்கள் மேசை போட்டு உட்காருவார்கள், 25-ஆம் தேதி கோயிலிலேயே. கிட்டத்தட்ட நம் தண்டல் காலம்தான். 12-ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற யூத சாஸ்திரி, பிச்சை எடுத்துப் பிழைப்பவனும் இதைக் கட்டியாக வேண்டும், கடன் வாங்கியோ மேல்துணியை விற்றோ கட்டட்டும் என்று எழுதி வைத்தார். கி.பி. 70-இல் ரோமர்கள் கோயிலை இடித்தார்கள். வரியை மட்டும் இடிக்கவில்லை. அதைத் தங்கள் ஜூபிடர் கோயிலுக்குத் திருப்பிக்கொண்டார்கள். தண்டல்காரன் புத்தி எந்த ஊரிலும் ஒன்றுதான்.

கோயில் போன பிறகு யூதர்கள் எங்கெங்கே குடியேறினார்களோ அங்கெல்லாம் தொழுகைக்கூடம் கட்டினார்கள். ராஜராஜன் இங்கே ஆண்ட காலத்தை ஒட்டி, கொடுங்கல்லூரில் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதருக்கு உல்கு என்ற சுங்கமும் துலாக்கூலி என்ற எடைக்கூலியும் விலக்கிக் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. கொச்சி பரதேசி சினகாக் 1568-இல் கட்டியது. அவர்கள் முறையில் முழுத் தொழுகை நடக்கப் பத்து ஆண்கள் கூடியிருக்க வேண்டும். இஸ்ரேல் உருவான பிறகு கொச்சிக்காரர்கள் கொத்துக் கொத்தாகக் கிளம்பிப் போனார்கள். பெல்ஜியம் கண்ணாடி விளக்கும் சீன ஓடும் அப்படியே இருக்கின்றன, தலை பத்து சேரவில்லை. வெளியூர் யூதர்கள் சுற்றுலா வந்தால்தான் எண்ணிக்கை கூடும்.

ஆள் நிறைய இருக்கும் அமெரிக்காவில் வேறு சங்கடம். வெள்ளி அஸ்தமனம் முதல் சனி இரவு வரை யூதர் காசைத் தொடக் கூடாது. தொழுகை நாளில் உண்டியல், காணிக்கைப் பை எதுவும் செல்லாது. அதனால் அங்கே குடும்பத்துக்கு வருஷச் சந்தா என்று வைத்தார்கள். பல இடங்களில் அது ஆயிரம் டாலரைத் தாண்டும். 2008-இல் பொருளாதாரம் சரிந்து வேலை போனபோது, சந்தா கட்ட முடியாதவர்களைத் தொழுகைக்கூடங்கள் துரத்தவில்லை. சலுகை கேளுங்கள், குறைத்துக்கொள்கிறோம் என்றுதான் சொன்னார்கள். ஆனால் சலுகைக்கு மனு எழுத வேண்டும். சில இடங்களில் வருமானக் காகிதம் காட்ட வேண்டும். குழுவில் உட்கார்ந்திருப்பவன் யார்? பிள்ளைகளை ஒரே பள்ளிக்கூடத்தில் விடுகிற அடுத்த தெருக்காரன். அவன் முன்னால் காகிதத்தை நீட்டுவதற்குப் பதில், பலர் சொல்லாமல் நின்றுவிட்டார்கள்.

இது எனக்குப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை.

1977 நவம்பரில் நாகப்பட்டினம் பக்கம் கரையேறிய புயல் எங்கள் வீட்டுக் கூரையையும் நெல்லையும் சேர்த்தே கொண்டுபோனது. அடுத்த பங்குனியில் அப்பாவால் வரி கட்ட முடியவில்லை. எட்டாம் நாள் மண்டகப்படி, தவில் ஓய்ந்த நேரத்தில், மைக்கில் பாக்கிப் பட்டியல் வாசித்தார்கள். அப்பா பெயர் ஏழாவது. வாசித்தவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தை மாதம் கட்டிவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு கோயிலில் தூணுக்கு இந்தப் பக்கம் வந்து அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நோட்டு என் கைக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம் பாக்கிப் பட்டியல் வாசிப்பதை நிறுத்தியது. இப்போது அது வாட்ஸ்அப்பில் வந்து நிற்கிறது. அன்றைக்கு மைக் சத்தம் ஊர் எல்லை வரைதான் கேட்டது, இதுவோ துபாய் வரை கேட்கிறது.

நோட்டு என்னிடம் வந்த நேரமும் நல்ல நேரம் இல்லை. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தால்தான் குறுவை. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் அந்தத் தேதியில் திறக்கவில்லை. 2016-இல் செப்டம்பர் 20-ஆம் தேதிதான் தண்ணீர் விட்டார்கள். நம்பி சம்பா விதைத்தோம். வடகிழக்குப் பருவமழை அந்த வருஷம் 62 சதவீதம் குறைவு. நடுவில் நவம்பர் 8-ஆம் தேதி 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். 2017 ஜனவரி 10-இல் தமிழ்நாட்டின் அத்தனை மாவட்டங்களையும் வறட்சி மாவட்டம் என்று அறிவித்தார்கள். அந்த மாசி மாதம் நான் நோட்டும் கையுமாகத் தெருவில் இறங்கினேன்.

அப்போது வரி 2,000. அதை 500 ஆக்கி, திருவிழாவை ஒரே நாளில் முடித்தோம். பொங்கல் வைத்து, ஒரு செட் மேளம், தீர்ந்தது. அதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. எல்லாருக்கும் குறைந்தது. வினை வந்தது வேறு இடத்தில். 500-ம் முடியாத வீடு பத்துப் பதினைந்து இருந்தது. அவர்களுக்கு மட்டும் தள்ளுபடி என்று நல்லெண்ணத்தில் நான் சொல்லிவைத்தேன். மறுநாள் ஒருவர் என் வாசலில் நின்றார். "எனக்குத் தள்ளுபடின்னு யாருய்யா எழுதச் சொன்னது? பாக்கின்னு எழுது. குறுவைக்குத் தர்றேன், இல்ல தாளடிக்குத் தர்றேன்." இதே மனிதர் அதற்கு முந்தின வாரம் கூட்டுறவுக் கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லி ரோட்டில் உட்கார்ந்தவர். வங்கிக்காரனிடம் தள்ளுபடி கேட்பது உரிமை. சாமி நோட்டில் தள்ளுபடி விழுந்தால் ஊரே தன்னைத் தள்ளிவிட்ட மாதிரி அவருக்கு. நான் ரப்பர் வைத்து அழித்துவிட்டு 'பாக்கி' என்று எழுதினேன். மேலே சாய்வாக இழுத்த கோடு மட்டும் முழுதாக அழியாமல் இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது நான் தள்ளுபடி என்ற சொல்லை வாயிலேயே எடுக்கவில்லை. தவணை என்று மட்டும் சொன்னேன்.

டீ மாஸ்டர் இதற்குள் இரண்டாவது டீயைக் கேட்காமலே வைத்துவிட்டார். அவரும் ஒரு தலைக்கட்டு.

"ஏக்கர் கணக்குல போட்டா நியாயமா இருக்குமே சித்தப்பா? நெலம் உள்ளவன் அதிகம் குடுக்கட்டும்."

நியாயம்தான். என் தாத்தா காலத்தில் எங்கள் ஊரில் அப்படித்தான் இருந்தது, வேலிக்கு இத்தனை கலம் என்று. மிராசுதார் நாலு பேர் முக்கால்வாசிச் செலவைக் கொடுத்தார்கள். கொடுத்தவனுக்கே முதல் மரியாதை, கொடுத்தவன் சொன்னதுதான் கூட்டத் தீர்மானம். மற்றவன் தூரத்தில் நின்று கும்பிட்டான். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1961-இல் நில உச்சவரம்பு. மிராசுதார்கள் நிலத்தை விற்றுவிட்டு மயிலாப்பூருக்கும் திருச்சிக்கும் போனார்கள். அதற்குப் பிறகுதான் தலைக்கட்டுக்குச் சமம் என்று வந்தது. இருபது மா வைத்திருப்பவனும் அரை மா வைத்திருப்பவனும் ஒரே தொகை கட்டுவது கணக்குப்படி அநியாயம். ஆனால் கூட்டத்தில் அரை மாக்காரன் குரலை உயர்த்திப் பேசுகிறானே, அது அந்த அநியாயத்தில் கிடைத்தது. உள்ளவனிடம் கூட வாங்குவதற்கு ஊர் வேறு வாசல் வைத்திருக்கிறது. மண்டகப்படி, உபயம், வேலில் குத்திய எலுமிச்சம்பழ ஏலம். ஒரு பழம் 20,000-க்குப் போனதை நானே பார்த்திருக்கிறேன். எடுத்தவருக்கு அல்சர், புளிப்பே ஆகாது. யூதர்களிலும் பழைய வழக்கக்காரர்கள் வேதச் சுருள் முன்னால் அழைக்கப்படும் மரியாதையை ஏலம் விடுவார்கள். காசைத் தொடக் கூடாத நாள் என்பதால் தொகை அச்சிட்ட அட்டையின் முனையை மடித்துவைத்து வாக்குக் கொடுக்கிற பழக்கமும் அவர்களிடம் உண்டு. 2008-க்குப் பிறகு சில தொழுகைக்கூடங்கள் சந்தாவையே எடுத்துவிட்டன. மொத்தச் செலவு இவ்வளவு, குடும்பத்துக்கு வகுத்தால் இவ்வளவு வருகிறது, உங்களால் முடிந்ததை நீங்களே எழுதிக் கொடுங்கள், யாரும் காரணம் கேட்க மாட்டோம் என்று அறிவித்தார்கள். நமக்கு அது ஒத்துவருமா என்று எனக்குச் சந்தேகம். இங்கே எவன் எவ்வளவு எழுதினான் என்று சாயங்காலத்துக்குள் டீக்கடைக்கு வந்துவிடும்.

கெட்ட வருஷத்தில் கோயிலே ஊருக்குக் கொடுத்ததும் உண்டு. 1054-இல், ராஜாதிராஜன் காலத்தில், ஆலங்குடியில் பஞ்சம். விதைக்கும் வழியில்லாமல் ஊர்ச் சபை கோயில் பண்டாரத்துப் பொன்னையும் வெள்ளியையும் கடனாக எடுத்தது, ஈடாக நிலத்தின் விளைவை எழுதிக் கொடுத்தது. அதே டெல்டாவில் 1201-இல், திருப்பாம்புரத்தில், பஞ்சம் தாங்காமல் ஒருவன் தன்னையும் தன் இரண்டு பெண்களையும் கோயிலுக்கே 110 காசுக்கு விற்றான். இரண்டும் கல்வெட்டில் இருக்கின்றன. கோயில் நல்லது, கோயில் கெட்டது என்று இதை வைத்துப் பேச எனக்கு மனமில்லை. களஞ்சியம் யார் கையிலோ, பஞ்சம் அவர்கள் சொன்னபடி கேட்கும்.

ஒன்றை அவனிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னேன். வரி கேட்பதைவிடக் கொடுமை ஒன்று உண்டு, வரி வாங்காமல் விடுவது. சாதி மாறிக் கல்யாணம் செய்தவன், ஊர்ப் பஞ்சாயத்தை மதிக்காமல் கோர்ட்டுக்குப் போனவன், இப்படிப்பட்டவன் பணத்தை நீட்டினாலும் நோட்டுக்காரன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். தமிழ்நாட்டில் எத்தனையோ வழக்கு "என்னிடம் வரி வாங்க மறுக்கிறார்கள்" என்ற ஒரு வரியில் ஆரம்பித்திருக்கிறது. அரசாங்க வரியில் இப்படி ஒரு வழக்கைக் கற்பனைகூடச் செய்ய முடியாது. எங்கள் ஊரிலேயே வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் தனிக் கோயில், தனி நோட்டு. இந்த 180 தலைக்கட்டுக்கும் நாற்று நட்டுக் களையெடுத்து அறுத்துக் கொடுத்தவர்கள் பெயர் இந்த நோட்டில் ஒரு வருஷமும் ஏறியதில்லை. அவர்கள் தரமாட்டோம் என்று சொன்னதால் இல்லை. என் கையில் இருந்த மூன்று வருஷமும் நானும் ஏற்றவில்லை.

அவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வாய்க்கால் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். டீக்காசை அவனே கொடுத்தான்.

சாயங்காலம் கூட்டத்துக்கு அவனும் வந்தான். அரை மணி நேரம் கொள்முதல் நிலையத்தைத் திட்டினார்கள், பிறகு விஷயத்துக்கு வந்தார்கள். நாடகம் இல்லை, வாணவேடிக்கை இல்லை. வரி 2,000. ஆயிரம் இப்போது, ஆயிரம் புரட்டாசியில் குறுவை கண்டதும். பாக்கிப் பட்டியலை வாட்ஸ்அப்பில் போடக் கூடாது என்று நான் சொன்னதற்கு இரண்டு பேர் முணுமுணுத்தார்கள், ஆனால் யாரும் மறுக்கவில்லை.

அப்போது பையன் எழுந்தான். நான் எதிர்பார்க்கவில்லை. "நான் 4,000 கட்டிடுறேன். கூட உள்ள 2,000-ஐ முடியாத ஒருத்தர் பேர்ல வரவு வச்சுக்கங்க."

நோட்டுக்காரர் என்னைவிட இளையவர், உரக்கடை வைத்திருக்கிறார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவனைப் பார்த்தார். "யாரு தம்பி முடியாதவரு? பேரச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

கூட்டத்தில் 70, 80 பேர் இருந்தோம். அத்தனை பேரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். அவனுக்கு ஒரு பெயரும் வாயில் வரவில்லை.

"வரி 2,000. அதுக்கு மேல நான் வாங்க மாட்டேன். குடுக்கணும்னு இருந்தா மூணாம் நாள் பூவுக்கு ஆள் இல்ல. உபயம்னு தனி ரசீது போட்டுடலாமா?"

"போடுங்க," என்றான்.

போனில் பணம் போனது. இரண்டு ரசீது கிழித்தார். முதல் ரசீதில் பெயர் எழுதும்போது அண்ணன் பெயரை எழுதி, 'மகன்' என்று போடப்போனவர் பேனாவை நிறுத்தினார். அடித்துவிட்டு, அவன் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தார்.